மறு: லேக் – தாமதமா, பின்னடைவா, சுணக்கமா?

வணக்கம்.

கணினி ஆட்டங்களில் எதுவும் உடனுக்குடன் நடக்காமல் பின்தங்குவதை 'லேக்' (lag) என்கிறோமே, அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எண்ணிப் பார்த்தேன். தாமதம், பின்னடைவு, உள்ளுறைவு, மந்தம், இழுவை, சுணக்கம். ஆறு சொல் வந்தாயிற்று, எந்தப் பொருளுக்குச் சொல் தேடுகிறோம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. விளையாடுகிறவர்கள் குறைந்தது மூன்று கோளாறுகளை ஒரே மூட்டையாகக் கட்டி 'லேக் அடிக்குது' என்று சொல்லிவிடுகிறார்கள். நாமும் அந்த மூட்டைக்கே பெயர் வைக்கப் பார்க்கிறோம். பிரிச்சுப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போமே.

முதல் கோளாறு. சுடும் ஆட்டம் ஒன்று. எதிரி தலைகாட்டியதும் நான் ஓடிப்போய்ச் சுவருக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன், என் திரையில் கால் நுனிகூட வெளியே தெரியவில்லை, ஆனாலும் பொத்தென்று செத்து விழுகிறேன். ஏமாற்றுகிறான் என்று கத்தத்தான் தோன்றும் (கத்தியும் இருக்கிறேன்). ஆனால் அவன் திரையில் நான் இன்னும் சுவரை எட்டியிருக்கவே மாட்டேன். பல சுடும் ஆட்டங்களில் சர்வர் (எல்லாரையும் இணைத்து ஆட்டத்தை நடத்தும் மையக் கணினி) என்ன செய்கிறது என்றால், சுட்டவன் அந்தக் கணத்தில் எதைப் பார்த்தானோ அந்த நிலைக்கு ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டி, குண்டு பட்டதா இல்லையா என்று அங்கே வைத்துத் தீர்ப்புச் சொல்கிறது. அவனுக்கு நியாயம், எனக்குச் சாவு. காரணம் செய்தி போய்வர ஆகும் நேரம்தான். ஒளியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சர்வர் 8,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக 40 மில்லிநொடி, வர 40. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரவுட்டர்கள் வேறு நிற்கின்றன, அதனால் நடப்பில் இன்னும் கூடும். எவ்வளவு காசைக் கொட்டினாலும் அந்த 80-க்குக் கீழே இறங்காது.

இரண்டாவது. பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்வர ஆகும் மில்லிநொடிக் கணக்கு, அழகாக 30 காட்டுகிறது. ஒரு புகைக்குண்டு வெடிக்கிறது, அவ்வளவுதான், திரை தடுக்கித் தடுக்கி நகர்கிறது. நொடிக்கு 60 படம் வரைய வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. புகையை வரைய 50 மில்லிநொடி ஆனால் மூன்று படம் வரவேண்டிய நேரத்தில் ஒன்றுதான் வரும், கண் அதை உடனே பிடித்துவிடும். இதற்கும் இணையத்துக்கும் சம்பந்தமே இல்லை. வயரைப் பிடுங்கிவிட்டுத் தனியாக ஆடினாலும் இதே கதைதான்.

மூன்றாவது, பொத்தானை அழுத்தினால் ஆள் சற்றுப் பொறுத்துத் தாவுவது. நெட்டும் சரி, படமும் சரி, ஆனாலும் கைக்கும் திரைக்கும் ஒத்துப்போகவில்லை. பெரும்பாலும் டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றிக்கொண்டிருக்கும்.

இப்போது ஒருவன் வந்து 'லேக் அடிக்குது, என்ன பண்ணலாம்' என்று கேட்கிறான். ஒருவர் வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் போடு என்கிறார், இன்னொருவர் நிழல்களின் தரத்தைக் குறை என்கிறார், மூன்றாமவர் டிவியில் அந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடைப் போடு என்கிறார். மூன்றுமே நல்ல யோசனை. கேட்டவனுக்கு எது பொருந்தும் என்றுதான் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவன் சொன்ன சொல்லிலேயே அது இல்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். அந்தக் குழியையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டுமா என்ன?

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

'தாமதம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு' என்று கேட்ட நண்பருக்கு: எழுத்தில் தாமதம் நன்றாகவே இருக்கிறது, பாடநூலில் வைக்கலாம். ஆனால் தோற்றவன் வாயில் வைத்துப் பாருங்கள். 'தாமதம் ஏற்பட்டது, அதனால்தான் செத்தேன்' என்று எவனாவது சொல்வானா? ஏதோ வேலைக்கு நேரம் கழித்து வந்ததற்கு விளக்கம் கொடுப்பது போலிருக்கிறது. லேக்கின் பலமே அதோடு ஒட்டிக்கொள்ளும் 'அடிக்குது'தான். அதற்கு மாற்றாக வரும் சொல்லுக்குச் சொந்தமாக ஒரு வினை இருந்தாக வேண்டும், இல்லையென்றால் பெயர்ச்சொல் பட்டியலிலேயே படுத்துக் கிடக்கும்.

பின்னடைவு வேண்டவே வேண்டாம். 'உங்கள் அணிக்குப் பின்னடைவு' என்று திரையில் எழுதினால் புள்ளிக் கணக்கில் பின்தங்கிவிட்டோம் என்றுதான் படிப்பார்கள். விளையாட்டுக்குள்ளேயே வேறு பொருள் தருகிற சொல்லை விளையாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

உள்ளுறைவு எப்படி வந்தது என்று புரிகிறது. இந்தத் தாமதத்தை ஆங்கிலத்தில் குறிக்கும் லேட்டன்சி என்பதன் லத்தீன் வேரில் மறைந்திருத்தல் என்ற பொருள் உண்டு, அதை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். வேருக்கு விசுவாசம், பொருளுக்குத் துரோகம். மந்தத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வயிறு நினைவுக்கு வருகிறது.

இழுவை எனக்குப் பிடித்த சொல், 'நெட் இழுக்குது' என்று ஏற்கெனவே சொல்கிறோம். ஆனால் கணினியில் ஒரு கோப்பைச் சுட்டியால் இழுத்துப் போடுவதும் இழுவைதான், நீண்டு போகிற கதையும் இழுவைதான். ஏற்கெனவே ரொம்பச் சுமக்கிற சொல்.

என் ஓட்டு, நெட்டால் வருவதற்குச் சுணக்கம். வேலை சுணங்கிக் கிடக்கிறது என்று இன்றும் சொல்கிறோம், வினை கையோடு வருகிறது: சர்வர் சுணங்குது, நேற்று முழுக்கச் சுணங்கிச்சு. சங்க இலக்கியத்தில் சுணங்கு என்றால் பெண்ணின் மேனியில் தோன்றும் தேமல் என்று யாராவது இங்கே எழுதத்தான் போகிறீர்கள், அதையும் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். சுட்டி என்றால் குறும்புப் பிள்ளையும்தான். மவுஸுக்கு அந்தப் பெயர் வைத்தபோது யாரும் குழம்பிப் போகவில்லை.

படம் தடுக்குவதற்குத் திணறல். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. மூச்சுத் திணறுவது போலத்தான் அந்தப் பெட்டியும் விசிறியைச் சுழற்றிக்கொண்டு படாத பாடு படுகிறது. 'புகை வந்தா திணறுது' என்று சொன்னால் கேட்பவருக்குக் கிராபிக்ஸ் கார்டுதான் நினைவுக்கு வரும், கேபிளை மாற்றச் சொல்ல மாட்டார்.

பொத்தான் விஷயத்துக்கு எனக்கு நல்ல சொல் சிக்கவில்லை. உள்ளீட்டுத் தாமதம் என்று போட்டுப் பார்த்தேன். கட்டற்ற (யாரும் நிரலைத் திருத்தக்கூடிய) ஆட்டம் ஒன்றின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், அதில் அந்த வரிக்கு ஒதுக்கிய பெட்டி சின்னது. ஓட்டிப் பார்த்தால் 'உள்ளீட்டுத் தா' என்பதோடு நின்று மூன்று புள்ளி தெரிகிறது. தா என்று கேட்டு நிற்கிற மாதிரி. விசைச் சுணக்கம் என்றால் பெட்டிக்குள் அடங்குகிறது, ஆனால் சுணக்கத்தை நெட்டுக்கு என்று இப்போதுதானே ஒதுக்கினேன், அடுத்த நிமிடமே அதை இரவல் கொடுக்க மனம் வரவில்லை.

பிங்கைத் தமிழாக்கியே தீரவேண்டும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். பிங் முதலில் ஒரு நிரலின் பெயர். அமெரிக்க நிரலாளர் மைக் மூஸ் 1983 டிசம்பரில் அந்த நிரலை எழுதியபோது, நீருக்கடியில் ஒலி அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் எழுப்பும் ஒலியை நினைத்துத்தான் பெயர் வைத்தார். அது ஒரு ஒலிக்குறிப்பு. டங், டமார் என்றெல்லாம் ஒலியை அப்படியே சொல்லாக்கிக்கொள்கிற மொழிக்குப் பிங் ஒன்றும் அந்நியமில்லை, விட்டுவிடலாம். விளக்கம் எழுதும் இடத்தில் மட்டும் எதிரொலி நேரம் என்று எழுதலாம். அந்த நிரல் அனுப்புகிற செய்திக்கு நெறிமுறையிலேயே எதிரொலிக் கோரிக்கை என்றுதான் பெயர், அதனால் இது நாம் இட்டுக்கட்டிய உவமையும் ஆகாது.

'லேக் என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்' என்ற கேள்விக்கு: ஒன்றும் குறையாது, பேச்சில் அது போகப் போவதும் இல்லை. லகரம் சொல்லின் முதலில் வராது, இலேக்கு என்று எழுதுங்கள் என்று சொன்னவரை மட்டும் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்தப் பக்கம் போக வேண்டாம். திரையில் 'லேக்' என்று வந்தால் ஆடுபவனுக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும். 'சுணக்கம்: 180' என்று வந்தால் நெட் பக்கம் பார்ப்பான், 'திணறல்' என்று வந்தால் அமைப்புகளைத் திறப்பான். அந்த வேலைக்குத்தான் சொல் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. சுணக்கம் 80-லேயே அசையாமல் நின்றால் கை பழகிக்கொள்ளும், 30-க்கும் 150-க்கும் நடுவே தாவிக்கொண்டிருந்தால்தான் ஆடவே முடியாது. இந்த ஜிட்டருக்குத் தள்ளாட்டம் என்று இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கிறேன். நடுக்கம் என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன், ஆனால் கையில் கன்ட்ரோலர் அதிர்வதற்கு அதைத்தான் முந்திய பக்கத்தில் போட்டுவிட்டேன். அப்புறம், முன்னே ஓடின ஆளைச் சர்வர் வெடுக்கென்று பழைய இடத்துக்கே இழுத்துப் போடுமே, ரப்பர்பேண்டிங், அதற்கு வெட்டியிழுப்பு என்று எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேறு ஏதாவது இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், அந்தக் கோப்பை இந்த வாரம் அனுப்பியாக வேண்டும்.