ஜனவரியில் பணம் கட்டியது, பொருள் வரவில்லை. புகார் கொடுக்க நாள் முடிந்துவிட்டதா?

நிழல்மரம் (ஜூன் 12, இரவு 11.20)

வணக்கம், அவசரம். ஜனவரியில் ஒரு இணையக் கடையில் கேமரா லென்ஸுக்குப் பணம் கட்டினேன், இன்றுவரை வரவில்லை. கடைக்கு எழுதினால் ஒவ்வொரு தடவையும் "அடுத்த வாரம் அனுப்பிவிடுவோம்" என்று பதில் வருகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்று வங்கியின் சாட்டில் கேட்டேன். 120 நாள் தாண்டிவிட்டது, இனிமேல் எடுக்கமாட்டோம் என்று சொல்லி சாட்டை முடித்துவிட்டார்கள். உண்மையிலேயே அவ்வளவுதானா? சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். யாராவது சொல்லுங்கள்.

வழிப்போக்கன் (இரவு 11.31)

எப்படிப் பணம் கட்டினீர்கள்? கார்டா, பேபாலா, வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பினீர்களா? அதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

ராகமாலிகை (இரவு 11.40)

எனக்குத் தெரிந்தவரை 60 நாள்தான், 120 கூடக் கிடையாது. ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் அக்காவுக்கு அப்படித்தான் சொன்னார்கள். ஐந்து மாதம் ஆகிவிட்டதென்றால் கஷ்டம்தான், மன்னிக்கவும்.

தூரதேசி (இரவு 11.52)

இது சுங்கத்தில் மாட்டியிருக்கும். லென்ஸ், கேமரா எல்லாம் அங்கேதான் நிற்கும். எனக்கு ஒரு டிரைபாட் இரண்டு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. டிராக்கிங் எண்ணை வைத்து சுங்கத்தில் கேட்டுப் பாருங்கள், புகார் எல்லாம் அப்புறம்.

வழிப்போக்கன் (இரவு 11.55)

அனுப்பியதாகவே அவர் சொல்லவில்லையே தூரதேசி. "அடுத்த வாரம் அனுப்புவோம்" என்றுதானே எழுதியிருக்கிறார்?

பழையபேனா (ஜூன் 13, காலை 6.15)

இந்தக் கேள்வி இங்கே வந்தது எத்தனையாவது தடவை என்று எனக்கே கணக்கில்லை. கேட்பதற்கு முன்னால் இரண்டு நிமிடம் தேடியிருந்தால் பதில் கிடைத்திருக்கும். பரவாயில்லை, மறுபடியும் எழுதுகிறேன். பணம் எந்த வழியில் போனதோ அந்த வழியின் விதிதான் செல்லும். பேபால் என்றால் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். அதிலும் டிஸ்ப்யூட், அதாவது விற்றவரிடம் பேசித் தீர்க்கும் முதல் புகார், திறந்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது, 20 நாளுக்குள் அதைக் கிளெய்ம் ஆக, அதாவது பேபாலே தீர்ப்புச் சொல்லும் புகாராக, மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தானாக மூடிவிடும், மூடியதைத் திரும்பத் திறக்க முடியாது. அமேசானில் வெளி விற்பனையாளரிடம் வாங்கியது என்றால், டெலிவரிக்கு அவர்கள் காட்டிய கடைசித் தேதியிலிருந்து 90 நாள். ஈபே என்றால் அதே மாதிரித் தேதியிலிருந்து 30 நாள். கணக்கிலிருந்து நேராக அனுப்பிய பணத்துக்கு சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகக் கடையிடமிருந்து திரும்ப எடுப்பது, என்பதே கிடையாது. இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது "ஜனவரியில் பணம் கட்டினேன்" என்று மட்டும் எழுதினால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது?

ராகமாலிகை, நீங்கள் சொல்லும் 60 நாள் அமெரிக்கச் சட்டம், 1974இல் வந்தது. கிரெடிட் கார்டு பில்லில் உள்ள தவறுகளுக்கானது. அதை உலகத்துக்கெல்லாம் பொதுவாக்கிச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

ராகமாலிகை (காலை 7.02)

நான் பயமுறுத்தவில்லை ஐயா, தெரிந்ததைச் சொன்னேன். என் அக்கா இருப்பது அங்கேதான், அதனால் அப்படி இருக்கலாம்.

தென்றல்77 (காலை 7.30)

இதற்கு எளிய வழி இருக்கிறது நண்பரே. வங்கிக்குப் போன் போட்டு "இந்தப் பரிவர்த்தனை நான் செய்ததே இல்லை" என்று சொல்லிவிடுங்கள். கார்டை முடக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பித் தருவார்கள். மோசடி என்றால் வங்கி உடனே அசையும், பொருள் வரவில்லை என்றால் இழுத்தடிக்கும்.

கணக்கன்மகள் (காலை 7.48)

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள் நிழல்மரம். இதைப் படிக்கிற வேறு யாரும் செய்யாதீர்கள். வங்கியில் இந்தப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நீங்களே கட்டிய பணத்தை நான் கட்டவில்லை என்று சொல்வது பொய். அதற்கு மேல், அது உங்கள் புகாரையே கெடுத்துவிடும். கடைக்காரர் உங்கள் மின்னஞ்சல்களைக் காட்டுவார், ஓடிபி போட்டது பதிவில் இருக்கும், வழக்கு அங்கேயே விழுந்துவிடும். பிறகு "பொருள் வரவில்லை" என்று மாற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்? பொருள் வரவில்லை என்பதற்கே தனி வகை இருக்கிறது. விசா கார்டு என்றால் அதன் எண் 13.1, மாஸ்டர்கார்டு என்றால் 4853க்குள் வரும். அந்த வகையில் பதிவு செய்யுங்கள் என்று கேட்டாலே போதும்.

நிழல்மரம், மூன்று விஷயம் வேண்டும். எந்தக் கார்டு? எந்தத் தேதியில் கட்டினீர்கள்? எப்போது வந்து சேரும் என்று கடை முதலில் சொன்னது? மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம்.

தென்றல்77 (காலை 8.05)

பொய் சொல்லச் சொல்லவில்லை, வேகமாக முடியட்டும் என்றுதான். சரி, தெரிந்தவர்கள் சொல்கிறீர்கள், விட்டுவிடுகிறேன்.

நிழல்மரம் (பகல் 1.10)

எல்லோருக்கும் நன்றி, வேலைக்கு நடுவில் எழுதுகிறேன். டெபிட் கார்டு, விசா. கட்டியது ஜனவரி 9. முன்பதிவு மாதிரி, 8 முதல் 10 வாரம் ஆகும் என்று கடையின் பக்கத்தில் போட்டிருந்தது. இப்போது போய்ப் பார்த்தால் அந்த வரியே இல்லை, எடுத்துவிட்டார்கள். டிராக்கிங் எண் எதுவும் தரவில்லை.

ராகமாலிகை (பகல் 1.25)

டெபிட் கார்டா? அதற்கு சார்ஜ்பேக் இல்லையே, கிரெடிட் கார்டுக்கு மட்டும்தானே?

கணக்கன்மகள் (பகல் 1.50)

டெபிட்டுக்கும் உண்டு ராகமாலிகை. சார்ஜ்பேக் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகளின் விதி, கார்டில் அந்த முத்திரை இருந்தால் டெபிட்டானாலும் செல்லும். சில நாடுகளில் கிரெடிட் கார்டுக்கு மட்டும் சட்டம் தரும் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது, அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த எண்ணம் வந்திருக்கிறது.

நிழல்மரம், நீங்கள் சொன்ன "8 முதல் 10 வாரம்" என்ற வரியில்தான் உங்கள் பணம் இருக்கிறது. சாட்டில் இருந்தவர் ஜனவரி 9இலிருந்து எண்ணியிருக்கிறார். அப்படி எண்ணினால் மே 9ஆம் தேதியே 120 நாள் முடிந்துவிடும். ஆனால் பொருள் வரவில்லை என்ற வகையில், பொருள் கைக்கு வரும் என்று எதிர்பார்த்த கடைசித் தேதியிலிருந்தும் எண்ணலாம் என்று விசாவின் விதியே சொல்கிறது. ஜனவரி 9இலிருந்து 10 வாரம் என்றால் மார்ச் 20. அதிலிருந்து 120 நாள் என்றால் ஜூலை 18. உங்களுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஒரு வருடம் கழித்துத் தருகிறேன் என்று விற்கும் முன்பதிவுகளுக்காக இதற்கு ஒரு வெளி எல்லையும் உண்டு, பணம் கட்டியதிலிருந்து 540 நாள். நீங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை.

ஆனால் ஐந்து வாரம் இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். அந்த 120 நாள் என்பது வங்கி விசாவிடம் வழக்கைப் போடுவதற்கான கெடு. நீங்கள் 119ஆம் நாள் போய் நின்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். சில வங்கிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு இதைவிடக் குறைந்த கெடு வைத்திருக்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையபேனா (பகல் 2.20)

இதைத்தான் நான் காலையிலேயே சொன்னேன், வழியைப் பொறுத்து விதி என்று. இந்த விவரங்களை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

வழிப்போக்கன் (பகல் 2.24)

பயந்துபோய் எழுதுகிறவரிடம் இப்படிப் பேச வேண்டுமா ஐயா? தூக்கத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவருக்கு எது முக்கியமான விவரம் என்று எப்படித் தெரியும்?

சிறுகடை (பகல் 3.05)

நான் மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இணையத்தில் கைவினைப் பொருட்கள் விற்கிறேன், இரண்டு பேர்தான் வேலை செய்கிறோம். எல்லோரும் உடனே சார்ஜ்பேக் என்கிறீர்கள். ஒரு சார்ஜ்பேக் வந்தால் பணம் போவதோடு அதற்கென்று தனிக் கட்டணமும் பிடிக்கிறார்கள், நான் ஜெயித்தாலும் என் பேமெண்ட் நிறுவனம் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை. எண்ணிக்கை கூடினால் கார்டு வலையமைப்பின் கண்காணிப்பில் போட்டுவிடுவார்கள். பொருள் கைக்கு வந்த பிறகும் வரவில்லை என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் கடையிடம் ரீஃபண்ட் கேளுங்கள், அதைத்தான் கேட்கிறேன்.

ராகமாலிகை (பகல் 3.30)

ஐந்து மாதம் கேட்டுக்கொண்டேதானே இருக்கிறார்? இன்னும் எத்தனை தடவை கேட்பது? பொறுமையாகக் கேட்கிறவர்களைத்தான் ஏமாற்றுகிறார்கள்.

சிறுகடை (பகல் 3.41)

அவர் "எப்போது அனுப்புவீர்கள்" என்று கேட்டிருக்கிறார். "ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டதாக எங்கேயும் எழுதவில்லை. இரண்டும் ஒன்றா? எனக்கு முதல் மாதிரி மின்னஞ்சல் வந்தால் இவர் காத்திருக்கத் தயார் என்றுதான் எடுத்துக்கொள்வேன். மூலப்பொருள் வராமல் எனக்கே ஒருமுறை ஆறு வாரம் தாமதமானது. அதில் ஒருவர்கூடப் பணம் திருப்பித் தா என்று கேட்கவில்லை, இரண்டு பேர் நேராக வங்கிக்குப் போய்விட்டார்கள். கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன்.

ராகமாலிகை (பகல் 3.55)

தாமதம் ஆகும் என்று நீங்களாகவே எழுதிச் சொன்னீர்களா?

சிறுகடை (பகல் 4.12)

பக்கத்தில் போட்டிருந்தேன். தனித்தனியாக எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும், அது என் தவறுதான். ஆனால் நான் ஏமாற்றுக்காரன் இல்லை.

தூரதேசி (மாலை 4.40)

நீங்கள் இருவரும் சண்டை போடுவது இருக்கட்டும். அனுப்பிவிட்டோம் என்று போலி டிராக்கிங் எண் கொடுக்கிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? அதே ஊருக்கு வேறு யாருக்கோ போன பார்சலின் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள், "டெலிவரி ஆகிவிட்டது" என்று காட்டும். என் நண்பர் ஒருவர் அதில்தான் தோற்கப் பார்த்தார். அஞ்சல் நிலையத்தில் கேட்டு, அந்த எண்ணில் வந்த பார்சல் தன் முகவரிக்கு வந்ததில்லை என்று எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது.

கணக்கன்மகள் (மாலை 5.30)

தூரதேசி சொல்வது உண்மை, நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்சலின் எடை பதிவில் இருந்தால் அதுவும் உதவும், ஒரு காகித உறையின் எடையில் லென்ஸ் வர முடியாது.

சிறுகடை சொல்வதிலும் ஒரு பாதி சரி. கடையிடம் தீர்க்க முயற்சி செய்தீர்களா என்று வங்கி கேட்கும். அதனால் நிழல்மரம், இன்றே கடைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சண்டை வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "ஜனவரி 9இல் பணம் கட்டினேன், 10 வாரத்தில் தருவதாகச் சொன்னீர்கள், வரவில்லை, ஆர்டரை ரத்து செய்கிறேன், முழுப் பணத்தையும் ஏழு நாளுக்குள் திருப்பித் தாருங்கள்" என்று அவ்வளவுதான். பதில் வராவிட்டால் எட்டாம் நாள் வங்கி. "ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம், வர நாளாகும்" என்று சொன்னால் அதையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். இப்படி இழுத்து இழுத்துக் கெடு முடியும்வரை கொண்டுபோய் விடுகிறவர்களிடம் பணத்தை இழந்தவர்கள், ஏமாந்ததாலேயே இழக்கவில்லை, மரியாதைக்காகக் காத்திருந்து இழந்தார்கள். அதைப் பார்க்க எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கும்.

அடுத்தது, அந்த 10 வாரம் என்ற வரி. ஆர்டர் உறுதி செய்த மின்னஞ்சலில் இருக்கிறதா? இல்லையென்றால் கடையின் பழைய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் "வாரம்" என்ற சொல்லைப் போட்டுத் தேடுங்கள்.

வழிப்போக்கன் (மாலை 5.44)

இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினிலும் பாருங்கள். கடைப் பக்கத்தின் முகவரியைப் போட்டால், ஜனவரியில் யாராவது சேமித்திருந்தால் அன்றைய தோற்றம் தேதியோடு கிடைக்கும். எல்லாப் பக்கமும் இருக்காது, ஆனால் பார்க்க ஒரு நிமிடம்தான்.

பழையபேனா (மாலை 6.10)

வேபேக் மெஷின் நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை. நிழல்மரம், வங்கியில் மறுபடி சாட்டுக்குப் போகாதீர்கள். டிஸ்ப்யூட் படிவம் என்று தனியாக இருக்கும், அதைக் கேட்டு வாங்கி எழுத்தில் கொடுங்கள். எதிர்பார்த்த டெலிவரி தேதி என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். மறுத்தால் மறுத்த காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். காலையில் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், இதே மாதிரி கெடு தாண்டியதாக நினைத்து விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்த ஆற்றாமைதான்.

வழிப்போக்கன் (ஜூன் 19, இரவு 9.00)

நிழல்மரம், என்ன ஆயிற்று? ஏழு நாள் ஆகப்போகிறது.

ராகமாலிகை (ஜூன் 24, காலை 10.15)

யாருக்காவது தெரியுமா? தினமும் வந்து பார்க்கிறேன்.

நிழல்மரம் (ஜூலை 1, இரவு 10.50)

மன்னிக்கவும், அலைச்சலில் எழுத முடியவில்லை. கடை பதில் போடவில்லை. வேபேக் மெஷினில் பக்கம் இல்லை. ஆனால் பிப்ரவரியில் அவர்கள் அனுப்பிய ஒரு மின்னஞ்சலில் "நாங்கள் சொன்ன 10 வாரத்துக்குள் வந்துவிடும்" என்று ஒரு வரி இருந்தது. படிவத்தோடு அதைக் கொடுத்தேன். முதலில் பார்த்தவர் மறுபடியும் 120 நாள் என்றார், மேலே உள்ளவரிடம் காட்டச் சொன்னேன், எடுத்துக்கொண்டார்கள். நேற்றுப் பணம் கணக்கில் வந்திருக்கிறது, தற்காலிகம் என்று போட்டிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

கணக்கன்மகள் (ஜூலை 2, காலை 6.40)

ரொம்பச் சந்தோஷம். அந்தப் பணத்தை இப்போது செலவழிக்க வேண்டாம், கடை எதிர்த்து வாதாடினால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வங்கியிலிருந்து கூடுதல் விவரம் கேட்டு மின்னஞ்சல் வரலாம், அதற்கும் நாள் கணக்கு உண்டு. ஸ்பேம் பெட்டியையும் தினமும் பாருங்கள்.