கஜா புயலுக்குப் பிறகு தோப்பு: கிழக்கு வரப்பில் சவுக்கா, பனையா?

கேள்வி (பட்டுக்கோட்டை பக்கம்):
2018 நவம்பர் 16 விடியலுக்குள் எங்கள் தோப்பில் 180 தென்னை சாய்ந்தது. பதினொன்று மட்டும் நின்றது. அப்பா வைத்த மரங்கள். மறுவருடம் நெட்டை ரகக் கன்று வைத்தோம். இப்போதுதான் பாளை விடுகிறது. வானம் கறுத்தாலே அம்மா தோப்பைப் பார்த்து நின்றுவிடுகிறார். கிழக்கு வரப்பில் காற்றுக்குத் தடுப்பு வைக்க வேண்டும். எதை வைப்பது?

பதில் 1 (வேதாரண்யம்):
தம்பி, கண் எதிரே பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் தென்னை, மா எல்லாம் விழுந்தபோது பனை நின்றது. பனை விதையை மழைக்கு முன்பே ஊன்றிவிடுங்கள்.

பதில் 2 (பேராவூரணி):
பனை வளர்ந்து பலன் தரப் பதினைந்து வருடமாவது ஆகும் அண்ணா. அதுவரை? சவுக்கை இரண்டு வரிசை வையுங்கள், பனையை அதற்கு வெளியே.

கேட்டவர்:
இரண்டையும் வைக்கிறேன். பனங்கொட்டை சேர்க்கத் தொடங்கிவிட்டேன். வேதாரண்யம் அண்ணா, எத்தனை அடி இடைவெளி விட்டீர்கள்?

பதில் 1:
பத்தடி. ஆடு மேயாமல் முள் போடுங்கள்.