பெரும்பாக்கம் சென்னையா, இல்லையா? மக்கள் அடர்த்திக் கணக்கில் ஒரு சந்தேகம்

ஏழாவது மாடி:
என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. சமூக அறிவியல் ப்ராஜெக்டில் சென்னையோட மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர்னு எழுதியிருக்கா. கூடப் படிக்கிற பிள்ளை 15,000-த்துச் சொச்சம்னு எழுதியிருக்கு. ரெண்டுமே 2011 சென்சஸ்தானாம். நடுவில் பத்தாயிரம் பேர் எங்கே போனாங்க?

இன்னொண்ணும் கேட்கணும். நாங்க சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரமா இருந்தவங்க. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பெரும்பாக்கம் வந்தோம். எட்டு அடுக்கு பிளாக். எதிர் பிளாக்கில் என்ன சீரியல் ஓடுதுன்னு எங்க ஜன்னலில் நின்னே சொல்லிடலாம், அவ்வளவு நெருக்கம். ஆனா பொண்ணு கலர் அடிச்ச மேப்பில் சென்னை மட்டும் கருஞ்சிவப்பு, எங்க பக்கம் வெளிறிக் கிடக்கு. இது எப்படி?

ஓஎம்ஆர் வாசி:
பெரும்பாக்கம் சென்னை மாவட்டமே இல்லைங்க, செங்கல்பட்டு. அதுவும் கிராம ஊராட்சி. பின்கோடு 600-இல் ஆரம்பிக்குதுன்னு நாமதான் சென்னைன்னு சொல்லிக்கிறோம்.

ராயபுரம் டீச்சர்:
நான் ரிட்டயர்டு டீச்சர். 2011-இல் எனக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் சென்சஸ் டியூட்டி. அதனால கொஞ்சம் நீளமா எழுதினா பொறுத்துக்கோங்கம்மா.

ஆள் யாரும் எங்கேயும் போகலை. கோடுதான் நகர்ந்துச்சு. அந்த பிப்ரவரியில் நாங்க எண்ணினப்போ சென்னை மாவட்டம்னா சுமார் 175 சதுர கிலோமீட்டர், 46,46,732 பேர். பாப்பாவை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்க, 26,553 வரும். அதே வருஷம் அக்டோபரில் அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர்னு சுத்தியிருந்த 42 உள்ளாட்சிகளை மாநகராட்சியில் சேர்த்தாங்க. பரப்பு 426 ஆச்சு. 2018-இல் மாவட்ட எல்லையையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தினாங்க. அதே 2011 கணக்கைப் புது எல்லைக்குள்ள கூட்டினா 67 லட்சத்தை ஒட்டி வரும். 426-ஆல் வகுத்தா 15,000-த்துச் சொச்சம். ரெண்டு பிள்ளைங்களும் சரிதான், எத்தனை சதுர கிலோமீட்டருக்குன்னு எழுதாததுதான் குறை. புதுசா சேர்ந்த பகுதியை மட்டும் தனியா வகுத்தா எட்டாயிரத்துச் சொச்சம்தான் தேறும். பழைய ஊரில் மூணில் ஒரு பங்குகூட இல்லை.

இதை நான் காலால் உணர்ந்தேன். ஒரு ஆளுக்குச் சுமார் 125, 150 வீடு கொண்ட ஒரு பிளாக் கொடுப்பாங்க. எனக்குக் கிடைச்சது ஒரே சந்தும் அதோட முடுக்கும். ஒரு வாசக்கதவைத் தட்டினா உள்ளே ஒன்பது ஒண்டுக்குடித்தனம், ஒரே குழாயடி. ஒரு வாசப்படியில் உட்கார்ந்தபடியே மூணு குடும்பத்துப் படிவத்தை எழுதி முடிச்சிருக்கேன். என் தோழிக்கு சோழிங்கநல்லூர் பக்கம் போட்டிருந்தாங்க. அவளுக்கும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை வீடுதான். ஆனா நடுவுல காலி மனை, வேலிகாத்தான் புதர், தண்ணி தேங்கின பள்ளம். செருப்பு அறுந்து போச்சுன்னு போனில் அழுதா.

பிப்ரவரி 28 ராத்திரி வீடில்லாதவங்களை எண்ணணும். வால்டாக்ஸ் ரோடு நடைபாதையில் ஒரு அம்மா தூங்குற குழந்தையைக் காட்டி, "இதையும் சேர்த்துக்கோ, நேத்துதான் பேர் வெச்சோம்"னு சொன்னாங்க.

அந்த ராத்திரிதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. சென்சஸ் எண்ணுறது நாம தூங்குற இடத்தை. பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் பகலில் தோள் இடிக்காம நடக்க முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டர் இறங்கினா பாதித் தெரு காலி. வீடா இருந்ததெல்லாம் கடையும் குடோனுமா மாறிப் போச்சே! 2001-இலிருந்து 2011 வரைக்கும் பழைய சென்னை 43 லட்சத்திலிருந்து 46 லட்சம் ஆச்சு, வெறும் 7 சதவீதம்தான். அதே பத்து வருஷத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம் வளர்ந்துச்சு. ஐடி கம்பெனி ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் ரோடு), கார் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில், கட்டுப்படியாகிற வாடகையும் அங்கேதான்.

உங்க மேப் வெளிறினதுக்குக் காரணமும் இதுதான். 2011-இல் பெரும்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்துச்சு, அடர்த்தி 892. மதுராந்தகம் ஏரியும் வேடந்தாங்கலும் வயக்காடும் உங்க எட்டு மாடியும் ஒரே வகுத்தலுக்குள்ள. அதுவும் நீங்க குடி வர்றதுக்கு முன்னாடி எண்ணினது!

வேளச்சேரிக்காரன்:
டீச்சர் சொன்னதோட ஒரு துணுக்கு. கிண்டி தேசியப் பூங்கா 270 ஹெக்டேர். பக்கத்திலேயே ஐஐடி வளாகம் 250 ஹெக்டேர். மானுக்கு ரேஷன் கார்டு கிடையாது, ஆனா அதுங்க மேயுற நிலம் வகுத்தலில் வந்துடும். அதனால எங்க பக்கத்துச் சராசரி கௌரவமா இருக்கும். நான் இருக்கிற தெருவில் பைக் நிறுத்த இடமில்லை.

எகிப்தும் இந்த மாதிரிதான். நாட்டை மொத்தமா வகுத்தா பரவாயில்லைன்னு தோணும். நிஜத்தில் சுமார் 95 சதவீதம் பேர் நைல் ஓரமா, 5 சதவீத நிலத்தில் இருக்காங்க. மிச்சம் மணல்.

ஏழாவது மாடி:
ரொம்ப நன்றி டீச்சர். ரெண்டு எண்ணையும் சதுர கிலோமீட்டரோட எழுதிட்டா. மேப்பில் எங்க இடத்தில் பென்சிலால் ஒரு குட்டிக் கருஞ்சிவப்புப் புள்ளி வெச்சிருக்கா. மிஸ் கேட்டா "எங்க வீடு"ன்னு சொல்வாளாம்.

நான் இன்னமும் சிந்தாதிரிப்பேட்டையில்தான் சமையல் வேலை பார்க்கிறேன். விடியறதுக்குள்ள பஸ் ஏறினா இருட்டினப்புறம்தான் வீடு. அடுத்த சென்சஸ் 2027-ன்னு சொல்றாங்க. எங்க பிளாக்குக்கு யார் வந்தாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல வரச் சொல்லுங்க டீச்சர். பகலில் வந்தா பூட்டைத்தான் எண்ணணும்.