முதியோர் பராமரிப்பும் செவிலியர் பணிச்சோர்வும்: ஆய்வில் எதை அளப்பது?

செவிலியப் பட்டமேற்படிப்பு மாணவி, கோயம்புத்தூர்
அனைவருக்கும் வணக்கம். 70 வயதைக் கடந்த உள்நோயாளிகளுக்குக் கிடைக்கும் பராமரிப்புக்கும், அவர்களைக் கவனிக்கும் செவிலியரின் பணிச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டுள்ளேன். ஈரோடு, திருப்பூர்ப் பகுதி மருத்துவமனைகளின் பொது வார்டுகளில், பணிச்சோர்வை அளக்கும் மாஸ்லாக் வினாத்தாளின் 22 கேள்விகளோடு, பராமரிப்பின் தரம் பற்றிய சில கேள்விகளையும் சேர்த்துச் செவிலியரிடமே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இது போதுமா?

பொது சுகாதார ஆய்வாளர், சேலம்
போதாது. மனம் சோர்ந்திருப்பவர் தாம் செய்யும் வேலையையும் தாழ்வாகவே மதிப்பிடுவார். இரண்டு விடைகளும் ஒருவரிடமிருந்தே வரும்போது, தொடர்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். சோர்வைச் செவிலியரிடம் கேளுங்கள். பராமரிப்பை நோயாளியிடம் பாருங்கள். படுக்கைப்புண் வந்ததா, இரவில் திடீர் மனக்குழப்பம் ஏற்பட்டதா, படுத்த படுக்கையாக இருப்பவரை நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைத்தார்களா என்பவற்றை நேரில் பார்த்துக் குறிக்கலாம். மனக்குழப்பத்தைக் கண்டறிய 1990இல் ஷாரன் இனூயி குழுவினர் உருவாக்கிய 'காம்' (CAM) முறை உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது.

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதை ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனித்தனியாகக் குறிப்பது இன்னும் முக்கியம். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் லிண்டா எய்க்கன் குழுவினர் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், செவிலியர் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் பணிச்சோர்வு அடையும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடியிருந்தன. சுமையை அளக்காமல் சோர்வை மட்டும் அளந்தால், பழி செவிலியரின் மனத்திடத்தின் மீது விழுந்துவிடும். அந்த அநியாயத்துக்கு உங்கள் ஆய்வு இடம் தரக்கூடாது.

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர், கோபிசெட்டிபாளையம்
ஆய்வாளர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், அம்மணி. நம் வார்டுகளில் முதியவருக்குச் சோறு ஊட்டுவதும், கழிப்பறைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதும் பெரும்பாலும் துணைக்கு இருக்கும் வீட்டு ஆட்கள்தாம். மகன் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்டில் இருப்பார். மருமகள் மஞ்சள் வெட்டும் தை, மாசியில் காட்டை விட்டு வர முடியாது. அப்படித் துணையின்றிப் படுத்திருக்கும் பாட்டியின் வேலை முழுவதும் செவிலியர் தலையில் விழும். எண்ணிக்கையில் அவரும் ஒரு நோயாளிதான். ஆகவே, துணை ஆள் எந்த நேரம் இருந்தார், எந்த நேரம் இல்லை என்பதைக் கட்டாயம் குறியுங்கள்.

1999இல் இனூயி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரில், கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறக்காமல் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, எழுப்பி நடக்க வைப்பது, மருந்தின்றித் தூங்கச் செய்வது போன்ற கவனிப்பைப் பெற்றவர்களில் 9.9 சதவீதத்தினருக்கும், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும் மனக்குழப்பம் வந்தது. ஆள் பற்றாத ஷிப்டில் முதலில் விடுபடுபவை இவைதாம்; ஊசியும் மருந்தும் விடுபடுவதில்லை, அவற்றுக்குப் பதிவேடு உண்டு.

மாணவி
மிக்க நன்றி. பெயர் எழுதாமல் வினாத்தாள் வாங்கினால் உண்மையைச் சொல்வார்களா, அம்மா?

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்
பெயர் இல்லாவிட்டாலும், ஷிப்டையும் பணி அனுபவத்தையும் கேட்டால் சிறிய வார்டில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தாளை மேற்பார்வையாளர் வழியாக வாங்காமல், மூடிய உறையில் நீங்களே நேரில் பெற்றுக்கொள்ளுங்கள். டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் மட்டும் நீட்ட வேண்டாம்.