ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றிய பிறகு புல்லட் கார்புரேட்டரை எப்படிச் சரிசெய்வது?

மண்டபம்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350 இருக்கிறது. கார்புரேட்டர் மிக்கார்ப் விஎம்24. இரண்டு மாதங்களுக்கு முன்பு ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவத் துணி ஃபில்டர் ஒன்றையும், உள்தடுப்பு குறைவான சைலன்சர் ஒன்றையும் ஒரே நாளில் மாட்டினேன். அன்றிலிருந்து உச்சிப்புளி சாலையில் ஆக்சிலேட்டரைப் பாதி அளவில் பிடித்தால் வண்டி இழுத்து இழுத்து விடுகிறது. கையை விட்டதும் சைலன்சருக்குள் பட்பட்டென்று வெடிக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது பீங்கான் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது.

பட்டறை ஒன்றில் காட்டினேன். அங்கே காற்றை அளக்கும் திருகான ஏர் ஸ்க்ரூவை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லி, பெட்ரோலை அளந்து விடும் சிறு துண்டான மெயின் ஜெட்டின் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்து மாட்டிக் கொடுத்தார்கள். இப்போது முழு ஆக்சிலேட்டரில் கரும்புகை வருகிறது. பாதியில் பழைய திணறல் அப்படியே இருக்கிறது. ஒரே வண்டியில் பெட்ரோல் கூடுதலாகவும் குறைவாகவும் எப்படி இருக்க முடியும்? எதில் தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறை அனுபவம், இராமநாதபுரம்:

தம்பி, அப்படி இருக்க முடியும், ஏனென்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஒரே வழியில் வருவதில்லை. ஆக்சிலேட்டர் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பெட்ரோலை அளக்கின்றன; அங்கிருந்து கால் பங்கு வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியில் உள்ள சரிவு வெட்டு; கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும், அது இறங்கி நிற்கும் நீடில் ஜெட்டும்; முக்காலுக்கு மேலேதான் மெயின் ஜெட்டின் ஆட்சி. உங்கள் பட்டறையில் மெயின் ஜெட்டைக் குடைந்தார்கள், ஆகவே முழுத் திறப்பில் புகை வந்தது. ஊசியை யாரும் தொடவில்லை, ஆகவே பாதித் திறப்பில் திணறல் நிற்கவில்லை.

முதலில் அந்த ஜெட்டைத் தூக்கிப் போடுங்கள். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துளையின் விளிம்பில் கம்பி கீறிய கோடு தெரியும். மேலே பொறித்திருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் துளைக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை. கம்பி விட்டுக் குடைவது எங்கள் தொழிலில் பலர் செய்யும் தவறு, எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. எண் வாரியாக ஜெட்டுகள் கடையில் கிடைக்கும்போது அதற்குத் தேவையே இல்லை. கம்பெனி எண்ணும் அதற்கு மேலே மூன்று அளவுகளும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காற்றுக் கசிவு இல்லை என்று உறுதி செய்யாமல் ஜெட் பக்கம் போகாதீர்கள். வண்டியை ஐடிலில் விட்டு, கார்புரேட்டருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எஞ்சின் ஓட்டம் மாறினால் அங்கே கசிகிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் சோப்பு நுரையைத் தடவினால் அங்குள்ள கசிவும் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். கையை விட்டால் வெடிப்பதற்கு இந்த இடத்துக் கசிவே காரணமாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப்பைச் சுற்றி, மூடிய நிலை, கால், பாதி, முக்கால், முழுமை என்று பேனாவால் கோடு போடுங்கள். எதிரே அசையாத பகுதியில் ஒரே ஒரு கோடு. எந்தக் கோட்டில் திணறுகிறது என்பதைக் காதாலும் கண்ணாலும் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மெயின் ஜெட்டில் தொடங்குங்கள், ஏனென்றால் அதன் அளவு கீழே உள்ள ஊசியின் பகுதியையும் ஓரளவு பாதிக்கும். அதிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேராக உள்ள சாலையில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். அந்த நிலையில் கையைச் சற்றே தளர்த்தும்போது வண்டி முன்னுக்குத் தள்ளினால் ஜெட் சிறியது. தளர்த்தினால் வேகம் இயல்பாகக் குறைந்தால் அளவு சரியை ஒட்டியிருக்கிறது. கரகரவென்று கனத்து ஓடினால் ஜெட் பெரியது. கடைசியில் முழு ஆக்சிலேட்டரிலேயே கிளட்ச்சைப் பிடித்துச் சாவியை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். ஐடிலில் ஓட்டிவந்து பார்த்த பிளக் மெயின் ஜெட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

அடுத்து ஊசி. அதன் மேல்முனையில் உள்ள பள்ளங்களில் ஒன்றில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறி, பாதித் திறப்பில் பெட்ரோல் கூடும். ஒரு முறைக்கு ஒரு பள்ளம் மட்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் ஏர் ஸ்க்ரூ. விஎம்24-இல் அது காற்றை அளக்கும் திருகு. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே திருகினால் குறையும். ஐடிலில் எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடம், முழுவதும் மூடிய நிலையிலிருந்து எண்ணும்போது ஒரு சுற்றுக்கும் குறைவாக வந்தால் பைலட் ஜெட் ஓர் அளவு பெரிதாக வேண்டும். மூன்று சுற்றைத் தாண்டினால் சிறிதாக வேண்டும்.

கீழக்கரைக் கடலோரம்:

மேலே அண்ணன் சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் ஜெட் வாங்குவதற்கு முன்பு அந்தக் கூம்பு ஃபில்டரைப் பற்றி யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தூக்கிவரும் மணல் மாவு போல இருக்கும். நானும் திறந்த ஃபில்டரோடு ஓட்டினேன். ஒரு வருடத்துக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எண்ணெய் எரியத் தொடங்கியது. கார்புரேட்டரைக் கழற்றியபோது வாய்ப்பகுதியில் விரலால் தடவினால் நறநறவென்றிருந்தது. அதோடு, பாம்பன் பாலத்தின் மேல் பக்கவாட்டில் காற்று வீசும்போது ஃபில்டரின் முகத்தில் நேராக மோதுவதால், வீட்டு வாசலில் எவ்வளவு துல்லியமாக டியூன் செய்தாலும் அங்கே அளவு மாறிவிடும். பெட்டி என்பது வெறும் தகரமல்ல, காற்றை அமைதிப்படுத்திக் கொடுக்கும் அறை.

இன்னொன்று, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே பழைய ஜெட்டிலேயே கலவை சற்றுக் காற்று மிகுந்ததாகி விடுகிறது. உங்கள் பிளக் வெளுத்ததில் இதற்கும் பங்கு உண்டு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காவிட்டால் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிடுங்கள், வெள்ளைப் பூஞ்சை போலப் படிவு பிடித்து பைலட் ஜெட்டை அடைத்துவிடும். சைலன்சரின் சத்தத்தையும் கவனியுங்கள்; ஒலி, புகை விதிகளை மீறினால் தண்டனை விதிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு அதற்கும் பொருந்தும்.

மண்டபம்வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டியைத் திரும்ப மாட்டிப் புதிய காகித ஃபில்டர் போட்டேன். சைலன்சரை மட்டும் வைத்துக்கொண்டேன். சைலன்சர் குழாய் சேரும் இடத்தில் நுரை குமிழிட்டது; இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றியதுமே வெடிப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. குடைந்த 90 எண் ஜெட்டை எறிந்துவிட்டு 95 மாட்டினேன். 100 போட்டபோது கனத்து ஓடியது. கிளிப்பை ஒரு பள்ளம் இறக்கியதும், டேப்பில் பாதிக் கோட்டில் இருந்த திணறல் அன்று காலையே போய்விட்டது. ஏர் ஸ்க்ரூ ஒன்றே முக்கால் சுற்றில் நிற்கிறது. தேவிப்பட்டினம் சாலையில் ஓட்டி அணைத்துப் பார்த்தபோது பிளக்கின் பீங்கான், கலவை சரி என்று காட்டும் பிஸ்கட் நிறத்தில் இருந்தது. நேற்று மாலை பலமான கச்சானில் பாம்பன் பாலத்தைக் கடந்தேன். நடுப்பாலத்தில்கூட எஞ்சினின் ஓசை மாறவில்லை.