அமெரிக்காவில் இரண்டு வார உயிரியல் ஆய்வு முகாம்: மகளை அனுப்பலாமா?

தேக்கா அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மகள் இங்கே சிங்கப்பூரில் இந்த ஆண்டுதான் ஜேசி (தொடக்கக் கல்லூரி) சேர்ந்திருக்கிறாள், உயிரியலை முக்கியப் பாடமாக (எச்2) எடுத்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே எங்கள் வீவக அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மழை நின்றதும் நத்தை தேடி ஓடுகிற பிள்ளை. அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் ஜூன் கடைசியில் நடக்கும் உயிரியல் ஆய்வு முகாமுக்கு அவளாகவே விண்ணப்பித்தாள். நான்காவது நாளே இடம் கிடைத்துவிட்டது என்று பதில் வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குக் கட்டணம் கிட்டத்தட்ட 9,000 வெள்ளி, விமான டிக்கெட் தனி.

கையேட்டில் சொந்த ஆய்வு, மரபணுத் திருத்தம், கட்டுரை வெளியிடும் வாய்ப்பு என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். நானும் என் கணவரும் ஓ லெவலுக்கு மேல் அறிவியல் படித்ததில்லை, இதில் எது உண்மையான கனம் உள்ளது, எது விளம்பரம் என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. பிள்ளை அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. முன்பணம் மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். எதைப் பார்த்து முடிவு செய்வது, சொல்லுங்கள்.

பிப்பெட்காரன்

அக்கா, நான் ஒன்-நார்த் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறேன், ஒவ்வொரு வருஷமும் பள்ளிப் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அந்த உயிரினத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்று பாருங்கள். உயிரியலில் நம் அவசரத்துக்கு எதுவும் வளராது.

ஈ. கோலை என்ற பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், இன்று மாலை தட்டில் தேய்த்து 37 டிகிரியில் வைத்தால் நாளைக் காலை கூட்டம் கூட்டமாகத் தெரியும். அதில் இரண்டு வாரத்தில் ஏதாவது செய்யலாம். சி. எலிகன்ஸ் என்ற குட்டிப் புழு முட்டையிலிருந்து மூன்று, மூன்றரை நாளில் வளர்ந்துவிடும். ஸீப்ரா மீனின் கரு கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் இதயம் துடிப்பது தெரியும். இதையெல்லாம் வைத்து இரண்டு வாரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் தேட முடியும். ஆனால் எலி குட்டி போடவே மூன்று வாரம் ஆகும். அராபிடாப்சிஸ் என்று ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் குட்டிச் செடி விதையிலிருந்து மறுபடி விதைக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம். மனித செல்லில் மரபணுவைத் திருத்தி, திருந்திய செல்லை மட்டும் பிரித்தெடுத்து வளர்ப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஆகவே மரபணுத் திருத்தம் என்று போட்டிருந்தால், எந்த உயிரினத்தில் என்று கேளுங்கள். பாக்டீரியாவில் என்றால் அது பெரும்பாலும் பெட்டியில் தயாராக வரும், விடை முன்பே தெரிந்த பயிற்சி. பயிற்சியும் நல்லதுதான், ஆனால் அதை ஆய்வு என்று சொல்லி விற்கக் கூடாது.

(அந்தப் புழுவை அறிவியலுக்குப் பெரிதாகக் கொண்டுவந்த சிட்னி பிரென்னர் 2002இல் நோபெல் பரிசு வாங்கியவர், நம் ஊர் ஆய்வுக்கூடங்கள் எழும்ப எவ்வளவோ உழைத்தவர், 2019இல் இங்கேதான் காலமானார். மகளிடம் சொல்லுங்கள், நத்தை பிடிக்கிற பிள்ளைக்குப் புழுவும் பிடிக்கும்.)

அடுத்தது, பக்கத்தில் யார் நிற்பார் என்று கேளுங்கள். போன வருஷம் எங்களிடம் வந்த பையன் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கும் சோதனை) செய்து, அதை ஜெல்லில் ஓட்டி, விளக்கில் வைத்துப் பார்த்தான். டிஎன்ஏ பெருகியிருந்தால் தெரிய வேண்டிய கோடு ஒன்றுகூட இல்லை. முகம் விழுந்துவிட்டது. நான் அவனைப் பிப்பெட்டை, அதாவது துளித்துளியாகத் திரவத்தை அளந்து எடுக்கும் கருவியை, பிடித்துக் காட்டச் சொன்னேன். பிப்பெட்டில் கட்டைவிரலால் அழுத்தும்போது இரண்டு நிறுத்தம் உண்டு, திரவத்தை எடுக்க முதல் நிறுத்தம் வரைக்கும்தான் போக வேண்டும். அவன் ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வரைக்கும் அழுத்தி எடுத்திருக்கிறான், எல்லா அளவும் கூடிப்போச்சு. அன்று அவன் கற்றது எந்த வகுப்பிலும் வராது. ஆனால் ஒருவர் பக்கத்தில் நின்று கையைக் கவனித்ததால்தான் வந்தது. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர், அவர் தினமும் எத்தனை மணி நேரம் கூடத்தில் இருப்பார், சோதனை தோற்றால் திரும்பச் செய்ய நாள் ஒதுக்கியிருக்கிறார்களா, இந்த மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் நேராக வந்தால் நல்ல இடம்.

செங்காங் அப்பா

தங்கச்சி, இதே மாதிரி ஒன்றுக்கு நாங்கள் மகனை அனுப்பினோம், பெயர் வேண்டாம். நாற்பது பேர் ஒரே கூடத்தில், மூன்று பேருக்கு ஒரு பிப்பெட். முதல் ஆறு நாள் விரிவுரை. அப்புறம் எல்லாரும் ஒரே சோதனையை, அச்சடித்த தாளைப் பார்த்துச் செய்தார்கள். கடைசி நாள் சுவரொட்டி தயார் செய்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். திரும்பி வந்ததும் ஆசையாக, "நீ என்னப்பா கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எல்லாருக்கும் வந்ததுதான் எனக்கும் வந்துச்சு" என்றான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பணத்தைவிட, அவன் ஆர்வம் அடங்கிப்போனதுதான் வருத்தம்.

பிறகுதான் தெரிந்தது, அந்த வளாகத்தை ஒரு தனியார் நிறுவனம் விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்து நடத்துகிறது, பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர்கூடப் பாடம் எடுக்கவில்லை. உங்கள் முகாமை நடத்துவது பல்கலைக்கழகமா, வேறு யாருமா என்று பல்கலைக்கழகத்தின் சொந்த இணையப்பக்கத்திலேயே பாருங்கள். இன்னொன்று, அங்கே கோடை விடுமுறை, இங்கே ஜூன் கடைசியில் பள்ளி திறந்துவிடும். என் மகன் மூன்றாம் தவணையின் முதல் இரண்டு வாரத்தை விட்டுவிட்டு ஆகஸ்ட் வரைக்கும் அதைத் துரத்திப் பிடித்தான். பள்ளியிடம் விடுப்பு எழுதிக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

யாழினி_நியூஸ்

அக்கா, நான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு. ஜேசியில் எஸ்ஆர்பி செய்தேன், அதாவது பல்கலைக்கழகமும் கல்வி அமைச்சும் சேர்ந்து ஜேசி முதலாம் ஆண்டுக்காரர்களுக்கு நடத்தும் ஆய்வுத் திட்டம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் என்ஆர்பி என்று ஒன்று உண்டு. விமானம் ஏற வேண்டாம், பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். மாதக்கணக்கில் ஒரே கேள்வியோடு இருக்கலாம், அதுதான் பெரிய விஷயம். நான் முதல் நான்கு மாதம் ஒரு முடிவும் இல்லாமல் அழுதேன், ஐந்தாவது மாதம்தான் நான் கேட்ட கேள்வியே தப்பு என்று புரிந்தது. இரண்டு வாரத்தில் அந்த இடத்துக்கு வந்திருக்கவே முடியாது.

வெளிநாடு கட்டாயம் போக வேண்டும் என்றால், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற ஆய்வுத் திட்டத்தைப் பாருங்கள், ஆறு வாரம், கல்விக் கட்டணமும் தங்குமிடமும் இலவசம், ஆனால் இடம் கிடைப்பது மிகவும் கடினம். 1959இலிருந்து அமெரிக்காவில் நடக்கும் எஸ்எஸ்பி என்ற கோடைக்கால அறிவியல் திட்டத்தில் உயிர்வேதியியல் பிரிவு இருக்கிறது, வெளிநாட்டு மாணவர்களையும் சேர்க்கிறார்கள், குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவியும் தருகிறார்கள். அங்கே உள்ள ஜாக்சன் ஆய்வகம் மாதிரி சில நல்ல இடங்கள் அமெரிக்கக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும்தான் எடுக்கின்றன, அங்கே ஆசைப்பட்டுப் பயனில்லை.

பிப்பெட்காரன் அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். ஆய்வு இல்லை, பயிற்சிதான் என்று நேர்மையாகச் சொல்கிற இரண்டு வாரத் திட்டம் கெட்டதில்லை. கை பழகிய பிள்ளைக்கு அடுத்த கூடத்தில் பயம் இருக்காது. ஆனால் அதற்கு 9,000 வெள்ளி வேண்டாமே, ஜூரோங்கில் அறிவியல் நிலையத்தின் டிஎன்ஏ கூடத்திலேயே பட்டறைகள் நடக்கின்றன.

கட்டுரை வெளியிடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல ஆய்விதழ் ஒன்று கட்டுரையைப் படித்துத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பவே மாதங்கள் ஆகும். இரண்டு வார வேலைக்கு வெளியீடு உறுதி என்றால் அந்த இதழையே சந்தேகப்பட வேண்டும். இங்கே அறிவியல் பொறியியல் கண்காட்சிக்கு அந்த வேலையைக் கொண்டுபோக நினைத்தால், முதுகெலும்புள்ள விலங்கு, நோய்க்கிருமி, மனிதர் சம்பந்தப்பட்டவற்றுக்குச் சோதனை தொடங்கும் முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். முடித்துவிட்டு வாங்க முடியாது.

தேக்கா அம்மா

மூவருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு மகளையே உட்கார வைத்து நீங்கள் சொன்ன கேள்விகளை மின்னஞ்சலாக எழுத வைத்தேன், இன்று காலை பதில் வந்தது. ஒரு வழிகாட்டிக்குப் பதினெட்டு மாணவர். எந்த உயிரினம் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை, முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்று மட்டும் மறுபடி எழுதியிருந்தார்கள். அவளே படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அம்மா, எஸ்ஆர்பிக்கு இன்னும் நேரம் இருக்கானு டீச்சர்கிட்ட கேக்கட்டுமா?" என்றாள். நாளைக்குக் கேட்கிறாள்.

குளிர்சாதனப்பெட்டியில் கடிதம் இன்னும் இருக்கிறது, நான் எடுக்கவில்லை. பிப்பெட்காரன் தம்பி, அந்தப் புழுவை வெறும் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்கிறாள்.

பிப்பெட்காரன்

முடியும் அக்கா, ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சின்னக் கமா மாதிரி நெளியும்.