காலையில் மட்டும் கண்ணில் மூட்டம்: ஐ.சி.இ. நோய்க்குறியுடன் என் அனுபவம்

என் கண்ணில் கோளாறு இருப்பதைக் காட்டிக்கொடுத்தது அடையாள அட்டைக்காக எடுத்த ஒரு புகைப்படம்தான். வலது கண்ணின் பாப்பா நடுவில் வட்டமாக இருந்தது. இடது கண்ணிலோ அது மூக்குப் பக்கம் இழுபட்டுக் கண்ணீர்த் துளி வடிவில் இருந்தது. அப்போது எனக்கு வயது 34.

அதற்கு ஓராண்டு முன்பிருந்தே, தூங்கி எழுந்ததும் இடது கண்ணில் மட்டும் புகை படிந்தாற்போல் இருக்கும். விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் வளையம். பதினொரு மணிக்குள் எல்லாம் தெளிந்துவிடும். தெளிந்துவிடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். முதலில் பார்த்த மருத்துவர் கண் வறட்சி என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

பிறகு கார்னியா (கண்ணின் முன்புறக் கண்ணாடி போன்ற படலம்) நிபுணர் ஒருவர் ஸ்பெகுலர் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். வலது கண்ணில் கார்னியாவின் உட்புறச் செல்கள் தேனடை போல வரிசையாக இருந்தன. இடது கண்ணில் ஒவ்வொரு செல்லும் கறுத்து, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியுடன் இருந்தது. நோயின் பெயர் இரிடோகார்னியல் எண்டோதீலியல், சுருக்கமாக ஐ.சி.இ. பெரும்பாலும் ஒரே கண்ணில், அதிலும் பெண்களுக்கே அதிகம் வருமாம். பரம்பரை நோய் அன்று என்றதும், என் மகளை நினைத்து மூச்சு விட்டேன்.

கார்னியாவில் ஊறும் நீரை வெளியேற்றுவது இந்தச் செல்கள்தான். இரவு முழுவதும் இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாகவும் வழியில்லை. பழுதான செல்களாலும் ஈடுகொடுக்க முடிவதில்லை. அதனால்தான் அந்தக் காலை மூட்டம். இதே செல்கள், பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸின் மேலும் சவ்வாகப் படர்ந்து சுருங்குகின்றன. பாப்பா இழுபடுவதும், ஐரிஸ் மெலிந்து ஓட்டை விழுவதும் அதனால்தான். கண்ணின் வடிகாலையும் அந்தச் சவ்வு அடைத்துவிட்டால் கிளாக்கோமா, அதாவது கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்.

அன்று என் கண் அழுத்தம் 31. இயல்பு 10 முதல் 21 வரை. வலி துளியும் இல்லை, அதுதான் என்னை இன்றும் நடுங்க வைக்கிறது. சொட்டு மருந்தில் ஈராண்டு ஓடியது. பிறகு கண்ணின் நீர் வடிய வழி திறக்கும் அறுவை சிகிச்சை. திறந்துவிட்ட வழியையும் சவ்வு மூடக்கூடும் என்பதால் இன்னும் பரிசோதனைக்குப் போய்வருகிறேன்.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகனுக்குப் பிறவியிலேயே ஐரிஸ் இல்லை. அனிரிடியா என்கிறார்கள். இரண்டு கண்களிலும் கருவிழி முழுக்கக் கறுப்பாக இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது வெளிச்சத்துக்கு வந்தாலே முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வான். பாக்ஸ்6 என்ற மரபணுவின் குறை. எங்கள் இருவர் குடும்பத்திலும் யாருக்கும் கிடையாது. அந்த மரபணுவுக்குப் பக்கத்துப் பகுதியும் சேர்ந்து அறுந்திருந்தால் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்ற குழந்தைப் பருவப் புற்றுநோய் வரலாம் என்றார்கள். மரபணுப் பரிசோதனை முடிவு வரும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன். அந்தப் பகுதி அறுபடவில்லை என்று தெரிந்த அன்று அழுதுவிட்டேன். கண்ணுக்காகப் போகிறவர்களிடம் சிறுநீரகத்தைப் பற்றி எல்லா மருத்துவரும் சொல்வதில்லை. இதைப் படிக்கும் பெற்றோர் தாங்களாகவே கேளுங்கள். வளர வளர கார்னியாவும் மங்கலாம் என்கிறார்கள். இப்போது அவனுக்கு ஏழு வயது. நிறக் கண்ணாடியும் தொப்பியும் அணிந்து முதல் வரிசையில் உட்கார்ந்து படிக்கிறான்.

* * *

உன் மகனைப் பற்றிப் படித்ததும் மனம் நிறைந்தது, தங்கையே. அவனுக்கும் கண் அழுத்தத்தைத் தவறாமல் பார்த்துவிடு. அனிரிடியாவிலும் கிளாக்கோமா வரும். எனக்கு அடுத்த பரிசோதனை வரும் வியாழக்கிழமை. போய்வந்து எழுதுகிறேன்.